உயிர் வராத பெட்டியும் ஒரு முழம் சரிகையும்

பழுது பார்ப்பவன் பிழைப்பில் ஒரு விசித்திரம் உண்டு: நல்ல நிலைமையில் இருக்கும் பெட்டி எதுவும் நம்மைத் தேடி வராது. நாற்பத்தைந்து வருஷம் காஞ்சிபுரத்தில் ரேடியோவும் டிவியும் பார்த்தவன் நான். என் கை பட்டதும் பேசிய ரேடியோக்கள் உண்டு. நான் தெருமுனையில் திரும்பும்போதே பயந்து பேசியவையும் உண்டு. நம்புகிறவர்கள் நம்பலாம். ஆனால் எழுபத்திரண்டு வயதில், முதல் தடவையாக ஒரு கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கி வீட்டு மேஜையில் கோத்தபோது நடந்ததில் கலப்படம் இல்லை. உங்களில் யாராவது அப்படிக் கோத்து, பட்டனை அழுத்தி, ஒன்றும் நடக்காமல் திருதிருவென்று முழித்திருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

என் வாய் செய்த வேலை

எங்கள் தெருக் கனகா பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் வரைகிறவள்; வயசில் பெரியவன் என்று என்னை நாய்னா என்பாள். ஒரு திங்கட்கிழமை அவளுடைய பழைய கம்ப்யூட்டர் புகை விட்டு அடங்கியது. உள்ளே ஏழு வாரம் உட்கார்ந்து வரைந்த அன்னப்பட்சி பார்டர். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி ஏகாம்பரம் தறியில் பாவு நூலை ஏற்றிவிட்டு, அந்த டிசைனுக்காகப் புருஷனும் பெண்டாட்டியுமாகக் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளுடைய டிசைனை ஏற்றச் சொல்லிவிடுவேன் என்றார் புடவை முதலாளி. பெட்டியைச் சரிசெய்யச் சென்னைக் கம்ப்யூட்டர் கடைக்காரரோ பத்து நாள் கேட்டார்.

"டிஸ்க் நல்லாத்தான் இருக்குது. மத்த சாமானெல்லாம் புதுசா வாங்கிக் குடு, ரெண்டே நாள்ல பெட்டி செஞ்சு தரேன்" என்றது என் வாய். அப்போது நான் எங்கே போயிருந்தேனோ தெரியவில்லை. பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய், சென்னைக்குப் போய்ச் சாமான்களை வாங்கி வந்து மேஜையில் இறக்கினார். "நாய்னா, இதுக்கு முன்னாடி எத்தினி கம்ப்யூட்டர் செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டாள் கனகா. கணக்குப் பார்ப்பவன் போல விரலை மடக்கினேன். பாய் சொன்னார்: "கைய எறக்குங்கண்ணே. பூஜ்யத்துக்கு விரல் தேவையில்ல."

பிஸ்கட் அளவு மூளை

புதன்கிழமை காலை, கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸரை உள்ளங்கையில் வாங்கினேன். ஒரு பிஸ்கட் அளவுதான். அதற்குள் கோடிக்கணக்கான ஸ்விட்ச்சுகள் இருக்கின்றன என்றார் பாய். நான் முதன்முதலில் திறந்த ரேடியோவில் ஆறு டிரான்சிஸ்டர். ஆறுக்கும் பெயர் வைத்திருந்தேன். இதற்குப் பெயர் வைக்க ஆரம்பித்தால் ஏழு ஜென்மம் போதாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அதை அதன் இடத்தில் இறக்கினேன்.

எல்லாம் கோத்துப் பட்டனை அழுத்தினேன். சத்தமில்லை, வெளிச்சமில்லை. மீட்டரை எடுத்து ஒவ்வொரு ஒயராக ஒரு மணி நேரம் சோதித்தேன். டீ கிளாஸோடு வந்த பாய், பெட்டிக்குப் பின்பக்கம் கையை விட்டு எதையோ தட்டினார். விசிறி சுற்றியது. "கோடி ஸ்விட்ச்சைக் கும்புட்டீங்க, சரி. இந்த ஒரு ஸ்விட்ச்சைப் போடறதுக்கு இன்னா வெக்கம்?"

மூன்று கூவல்

விசிறி சுற்றியதே தவிரத் திரை கறுப்பாகவே கிடந்தது. எங்கே கோளாறு என்று பெட்டியே கூவிச் சொல்லுமாம், அதற்கு ஒரு ஸ்பீக்கர் வேண்டுமாம். என்னிடமா ஸ்பீக்கருக்குப் பஞ்சம்? பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றி மாட்டினேன். மூன்று தடவை கூவியது, நிறுத்தியது, மறுபடி மூன்று. ஓரிக்கைப் பக்கம் பாலாற்றில் மேய்ந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்ததாகக் கேள்வி. மூன்று என்றால் மெமரி சரியாக உட்காரவில்லை என்று கையேட்டைப் பார்த்துச் சொன்னார் பாய். குழந்தைக்கு வளையல் போடுவது போல நான் அதை மெல்ல வைத்திருந்தேன். 'டக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டுமாம். என் காலத்தில் நோயை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். தன் நோயைத் தானே சொல்லும் பெட்டியை அன்றுதான் பார்த்தேன். கனகா பெருமூச்சு விட்டாள்: "எங்க வீட்டுக்காரருக்கும் இப்டி ஒண்ணு மாட்டுங்க நாய்னா. எங்க வலிக்குதுன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டாரு."

கல்யாணப் புடவை

மெமரியை அழுத்த இடம் பற்றாமல், வியாழக்கிழமை எல்லாச் சாமானையும் தாங்கும் பலகையான மதர்போர்டையே தகரப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். மேஜையில் வைக்கப் போனபோது கனகா தடுத்தாள். "வெறும் மேஜையிலயா? புதுப் பொருளுக்குப் பட்டு விரிக்கறதுதான் எங்க வீட்டு வழக்கம்." நைந்துபோன தன் கல்யாணப் புடவையின் முந்தியிலிருந்து வெட்டி வைத்திருந்த ஒரு முழத் துண்டை விரித்தாள். முழுக்கச் சரிகை. அதன் மேல் மதர்போர்டு ராஜா மாதிரி உட்கார்ந்தது. மெமரியும் 'டக்' என்றது. பட்டனை அழுத்தினேன். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அரைச் சுற்று. அன்று முழுக்க அதே கதை.

சாயங்காலம் ஏகாம்பரம் போன் செய்தார். "காலைல சொல்றேண்ணா" என்று மட்டும் சொல்லிக் கனகா போனை வைத்தாள். மேஜையில் சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் டப்பாவில் போட்டாள். மதர்போர்டை எரித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சொல்ல ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு, மனசு கேட்காமல் மறுபடி மீட்டரை எடுத்தேன். கை வழுக்கி இரண்டு முனையும் துணியில் பட்டன. மீட்டர் 'கீ' என்று கத்தியது. துணி எங்காவது மின்சாரம் கடத்துமா? பாய் குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். தங்க முலாம் தேய்ந்த இடத்தில், பட்டு நூலின் மேல் சுற்றியிருந்தது அசல் வெள்ளி! மதர்போர்டின் அடியில் இருக்கும் அத்தனை ஈய முனைகளையும் அந்தச் சரிகைப் பூக்கள் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருந்தன. ஒவ்வொரு தடவையும் பவர் சப்ளை அரைச் சுற்றுக்குள் ஆபத்தை மோந்து, தன்னைத் தானே நிறுத்தி, மற்றதையும் காப்பாற்றியிருந்தது. யானைக்குக்கூட அந்த மோப்பம் கிடையாது. கனகா துணியை உருவி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்: "டூப்பு பிளாஸ்டிக் சரிகையக் குடுத்து உங்க அப்பாவ ஏமாத்திட்டானுங்கன்னு என் மாமியாரு இருவது வருஷமா சொல்லிக்கினே இருக்காங்க. அந்த மீட்டரோட ஒரு தபா எங்க வீட்டுக்கு வாங்க நாய்னா!"

அன்னம்

சாமான் வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் மதர்போர்டை வைத்து, பழைய டிஸ்க்கை மாட்டிப் பட்டனை அழுத்தினேன். அரைச் சுற்று. முக்கால். முழுச் சுற்று. பிறகு நிற்கவே இல்லை. திரையில் வெளிச்சம் வந்தது. புது வீட்டுக்குக் குடி வந்தவர் போல டிஸ்க் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்தரை மணிக்குக் கனகாவின் பார்டரைத் திறந்து காட்டியது. எதிரெதிராக இரண்டு அன்னம். கிட்டே போய்ப் பார்த்தால் அத்தனையும் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு கட்டம் ஓர் இழைக்கு: தூக்கு, அல்லது தூக்காதே. தறியின் மேல் தொங்கும் டிசைன் அட்டையும் ஓட்டை இருக்கு, ஓட்டை இல்லை என்று அதைத்தான் சொல்கிறது. அந்தப் பிஸ்கட்டுக்குள் இருக்கும் கோடி ஸ்விட்ச்சும் அதே இரண்டு வார்த்தையைத்தான் பேசுகின்றனவாம். இத்தனை நாள் தறிகளுக்கு நடுவில் குடியிருந்துவிட்டு எனக்கு அது தெரியவில்லை. கனகா திரையில் அன்னத்தின் கழுத்தை விரலால் ஒரு தடவை தொட்டாள். டிசைனைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, தறி அட்டையில் ஓட்டை குத்தும் கடைக்கு ஓடிக்கொண்டே போனில் கத்தினாள்: "ஏகாம்பரண்ணா, பாவு மேல கை வெக்காதீங்க! அன்னம் பொழச்சிக்கினு வருது!"

கம்ப்யூட்டர் மெக்கானிக் என்று பெயரெடுக்க ஆசைப்பட்டு இத்தனையும் செய்தேன், இப்போது தினம் நாலு பேர் என் வாசலில் நிற்கிறார்கள், நாலு பேர் கையிலும் கல்யாணப் புடவை.