பெட்டி அடுக்குபவரின் முழங்கால்

இன்று டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் உதைபந்தாட்டப் போட்டி. பெயர் பதியும் மேசையில் நான் இருந்தேன். கழகங்களுக்குத் தொழில்முறையாக விளையாடியவர்களைச் சேர்க்கக்கூடாது என்பது விதி.

ஒரு அணித் தலைவர் நைஜீரியர் ஒருவரைக் கூட்டிவந்தார்.

"எங்கட கிடங்கில பெட்டி அடுக்கிறவர், அக்கா. சும்மா விளையாட வந்தவர்."

பெட்டி அடுக்குபவரின் முழங்காலில் நீளமாக ஒரு சத்திரசிகிச்சைத் தழும்பு. எனக்குச் சந்தேகம். நேரே அவரிடமே டேனிஷில் கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. பதினெட்டு வயதில் லாகோஸிலிருந்து ஒப்பந்தத்தோடு வந்தாராம். இங்கே மூன்று கழகங்களுக்கு விளையாடியிருக்கிறார். போன வருடம் முழங்கால் போனது, ஒப்பந்தமும் போனது. வருகிற வியாழக்கிழமை எஸ்பியர்க்கில் ஒரு கழகம் அவரை விளையாட விட்டுப் பார்க்கப்போகிறது.

"அதற்கு முன் ஒரு ஆட்டமாவது ஆடிப் பார்க்கவேண்டும். கால் தாங்குமா என்று எனக்கே தெரியாது," என்றார்.

பெயரை வெட்டினேன்.

"இரக்கமே இல்லையே அக்கா உங்களுக்கு? அந்தாளின்ர சீவியம் எல்லோ!" என்று தலைவர் கத்தினார். நைஜீரியரோ நன்றி சொல்லிவிட்டு, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அதே அணியின் கோல் காப்பாளர் பறந்து பறந்து பந்து பிடிப்பதைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர் என்பதால் அவரிடம் நான் எதுவுமே கேட்கவில்லை. கேட்டவுடன் உண்மை சொன்னவரைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

அந்தக் காப்பாளர் யாரென்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தலைவரின் பெறாமகன், அண்ணன் மகன், என்று மட்டும் எழுதவேண்டாம். அதைத் தலைவரே சொல்லிவிட்டார்.