தங்கை தூங்கிய நான்கு மணி நேரம்

சென்ற ஆவணியில் வேப்பூரிலிருந்து விருத்தாசலம் போய்வந்தேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றவன் நான். நோட்டில் மெதுவாக எழுதுவதை என் மகள் வலைப்பதிவில் ஏற்றுகிறாள். துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு இது உதவலாம்.

என் தங்கை பட்டம்மாளின் கணவர் அங்கே பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர். ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான்கு நாள் கழித்து, தங்கை தூங்குவதே இல்லை என்று போன் வந்தது.

காலை ஆறு நாற்பதுக்குப் பேருந்து. முகப்பில் இருந்த ‘விருத்தாசலம்’ என்பதை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டு நின்றேன்.

“பெரியவரே, போர்ட மனப்பாடம் பண்றீங்களா? வண்டி கெளம்புது!” என்றார் கண்டக்டர்.

“படிச்சி முடிச்சிட்டுதாம்பா ஏறுவேன்.”

பேருந்தே சிரித்தது. இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், இருபது ரூபாய். அங்கிருந்து பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

தங்கை சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். தோளைத் தட்டி எழுப்பினேன். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். துக்கம் கேட்க யார் வந்தாலும் எழுப்பிவிடுவார்கள். அவளும் கட்டிக்கொண்டு அழுது, நடந்ததை முதலிலிருந்து சொல்லவேண்டும். இருபது நாளாக இப்படியே.

“கொழம்புல உப்பில்லன்னாருண்ணே. வேணும்னா நீங்களே ஆக்கித் தின்னுங்கன்னேன். அதான் கடைசியா நான் பேசுனது,” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பேசும்போதே அவளுக்குக் கண் சொருகியது.

ஒன்பதரைக்கு மருத்துவரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஐயா, தூங்கறப்ப மூளை சும்மா இருக்காதுங்க. மனசச் சுட்டதெல்லாம் எடுத்துப் பாத்து, அதது எடத்துல வைக்கும். நடந்தது மறக்காது. ஆனா அதோட சூடு கொஞ்சங்கொஞ்சமா ஆறும். நீங்கதான் ஆற விடமாட்டேங்கறீங்களே.”

“மாத்திர எழுதித் தரீங்களாம்மா?”

“மொதல்ல ஆள எழுப்பாம இருங்க. பாப்போம்.”

நான்தானே அன்று காலை கடைசியாக எழுப்பியவன்! திரும்பியதும் கொல்லையில் கிடந்த, மெருகு பூசாத ஒரு பீங்கான் தட்டை எடுத்தேன். அடுப்புக்கரியால், ‘பட்டம்மாள் தூங்குகிறாள். எழுப்ப வேண்டாம். உட்காருங்கள்’ என்று எழுதினேன். இருபது நிமிடம் ஆனது. நோட்டுக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அது. வாசலில் சாய்த்து வைத்தேன். பதினொன்றே முக்காலுக்குத் தங்கை தூங்கிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அவள் நாத்தனார் வந்தார். தட்டைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார். நான் மறித்தேன்.

“புருஷன் போயி இருபது நாளு, அதுக்குள்ள தூக்கமா அவளுக்கு?”

“அக்கா, சூளைய சூட்டோட தொறந்தா என்னா ஆவும்?”

“சாமானெல்லாம் வெடிச்சிடும்னு தம்பி சொல்லுவான்.”

“அவளும் இப்ப அப்பிடித்தான்.”

தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். சற்றுக் கழித்து, “அதுல என்னா எழுதியிருக்குது?” என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டினேன்! பிறகு தெருவில் தக்காளி விற்றவரை அவரே அதட்டினார்: “கத்தாதய்யா, புள்ள தூங்குது!”

மூன்றே முக்காலுக்குத் தங்கை தானாக எழுந்தாள். நாத்தனாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை சீக்கிரம் ஓய்ந்தது.

“அன்னிக்கு நான் அப்பிடிச் சொன்னதும், ‘சாயந்தரம் நானே ஆக்கறேன், தின்னு பாரு’ன்னு சிரிச்சிக்கிட்டேதாண்ணே போனாரு. இத்தன நாளா இது நெனப்புக்கே வரலியே!”

“அவன் ஆக்குனதத் தின்னிருந்தா நீதான்டி மொதல்ல போயிருப்ப,” என்றார் நாத்தனார். தங்கை சிரித்துவிட்டாள். கண்ணீர் நிற்காமலேயே சிரித்தாள்.

இப்படிப் போகிறவர்களுக்கு என் யோசனை: மாலை நான்குக்கு மேல் போங்கள். வேப்பூருக்கு ஐந்தரைக்கு ஒரு பேருந்து இருக்கிறது. கிளம்பும்போது சொல்லிக்கொள்ளாமல் வந்துவிடுவது வழக்கம். துக்கப்பட்டவர் தூங்கினால் காத்திருங்கள். நீங்கள் வந்தது அவருக்குத் தெரியாமலே போனாலும் பரவாயில்லை.

நான் கிளம்புமுன் தங்கை தட்டின் மறுபக்கத்திலும் எழுதச் சொன்னாள். ‘விழித்திருக்கிறாள். வாருங்கள்’ என்று எழுதினேன். அந்தத் தெருவுக்குப் போனால், தட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படியேறுங்கள்.