மத்தியானம் மட்டும் ஏறிய பிளாங்க்

நான் டெக்னீஷியனாக இருந்த கல்கத்தா லேபில், மௌஷுமி என்ற மாணவியின் ஆராய்ச்சி முழுவதும் ஒரு சின்னக் குப்பி எல்.டி.ஹெச். என்சைமை நம்பியிருந்தது. லாக்டிக் ஆசிட் எங்கே இருந்தாலும் அது பிடித்துவிடும். மெஷினில் ரீடிங் ஏறும். ஆசிட் சேர்க்காத 'பிளாங்க்' மட்டும் அசையவே கூடாது. காலையில் அசையாது. மத்தியானம் ஏறும்.

லேபின் தலைவரான எங்கள் சார் கும்பகோணத்துக்காரர். கல்கத்தாவுக்கு வந்து வங்காளியைவிட வங்காளியாக மாறியவர். நேராக என்னிடம் வந்தார்.

"ரகு, மத்தியானம் என்னய்யா சாப்பிடறே?"

"தயிர்சாதம் சார்."

"தயிர்ல இருக்கறதே லாக்டிக் ஆசிட்தான்! நாளையிலேருந்து லெமன் ரைஸ் கொண்டா."

கேன்டீனில் ஸ்பூனால் சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுகிற ஆள் நான். இருந்தாலும் அந்த வாரம் முழுக்க எலுமிச்சை சாதம். எனக்கு அப்படி ஓர் ஆத்திரம். பிளாங்க் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அப்ப என்சைம்தான் கெட்டுப்போச்சு. தூக்கிப் போடு. புதுசு ஆர்டர் பண்ணலாம்" என்றார் சார்.

புதுசு வெளிநாட்டிலிருந்து வருவதற்குள் மௌஷுமியின் ஃபெல்லோஷிப் முடிந்துவிடும். "ரகுதா, கிச்சு ஏக்டா கொருன்" என்று அழுதாள். ரகு அண்ணா, ஏதாவது செய்யுங்கள் என்கிறாள்.

அன்று மத்தியானம் வேலையை ஓரம்கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தேன். சார் வழக்கம்போல மிஷ்டி தொய் சட்டியோடு அரட்டைக்கு வந்தார். லேபுக்குள் சாப்பிடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவரே அவர்தான். அதனால் வாசலில் நின்று சாப்பிட்டார். வங்காளத்து இனிப்புத் தயிர்தான் என்றாலும் கும்பகோணத்துக் கை சும்மா இருக்குமா? சட்டியின் அடியில் ஒட்டியதை விரலால் வழித்து நக்கினார். பேன்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, பேசிக்கொண்டே, திரவம் உறிஞ்சும் பிப்பெட்டின் நுனியில் மாட்டுகிற பிளாஸ்டிக் டிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். எங்களுக்கு உதவி செய்கிறாராம்.

அவர் போனதும் அந்த டிப்பால் ஒரு பிளாங்க் போட்டேன். காலையில் நான் கிளவுஸ் போட்டு அடுக்கிய டிப்பால் இன்னொன்று. அவருடையது ஏறியது, என்னுடையது அசையவில்லை. மௌஷுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "இது நான் அடுக்கின டிப் சார். இது நீங்க அடுக்கினது."

சார் திரையைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார்.

"என்சைம் பிரமாதமா வேலை செய்யுதே! இதையாய்யா தூக்கிப் போடப் பாத்தே?"

மறுநாள் தயிர்சாதம் கொண்டுபோனேன். மௌஷுமி அதே குப்பியை வைத்து வேலையை முடித்தாள்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிளாங்க் ஏறினால் உடனே என்சைமைத் திட்டாதீர்கள். உதவிக்கு வந்தவர் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். வந்தவர் சாராக இருந்தால் கேட்காதீர்கள். பேசாமல் இரண்டு பிளாங்க் போட்டுக் காட்டுங்கள்.