பிடுங்கி வைத்த பியூஸ் கட்டை

கரண்ட்டு போகும் என்று முதல்நாளே தெரிந்துவிட்டால் அமிர்தத்தை மிஞ்ச விருத்தாசலத்தில் ஆளில்லை. பராமரிப்பு வேலை, ஒன்பதிலிருந்து இரண்டு வரை மின்தடை என்று பேப்பரில் வந்தால் போதும். விடிவதற்குள் குடம், அண்டா, சொம்பு வரைக்கும் தண்ணீர் நிரம்பியிருக்கும். மாவு அரைத்தாகியிருக்கும். அவள் போட்டுக்கொள்ளும் இன்சுலின், ஈரத்துணி சுற்றிய மண்சட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று கேட்டால், ஒண்டிக்கட்டை என்பதால்தான் என்பாள்.

கரண்ட்டு போனதும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, மெயினை அணைத்து, மீட்டர் பெட்டியிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிடுவாள். பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருசம் அந்தக் கட்டைகளைத்தான் செய்தாள். ஒருமுறை திரும்பி வந்த கரண்ட்டு எகிறியடித்து டிவி புகைந்துபோனது. சூடு கண்ட பூனை, அப்புறம் விடுமா? கரண்ட்டு வந்து நிலைத்துவிட்டது என்று தெரியாமல் கட்டையை மறுபடி சொருகமாட்டாள்.

பிடுங்கியவளுக்குக் கரண்ட்டு வந்தது எப்படித் தெரியும்? முன்பெல்லாம் தெருவே கத்தும். இப்போது அவள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர். போனதும் தெரிவதில்லை, வந்ததும் தெரிவதில்லை. யார் கத்தப்போகிறார்கள்?

அன்று வெள்ளிக்கிழமை. அன்றும் ஒன்பதிலிருந்து இரண்டு வரை மின்தடை, கட்டையைப் பிடுங்கி வைத்திருந்தாள். மஸ்கட்டில் இருக்கும் ஒரே மகன் பாரி நாலு மணிக்குப் பேசுவான். பொங்கலுக்கு லீவு உண்டா இல்லையா என்று அன்றைக்குச் சொல்வதாக இருந்தான். மூன்று வருசமாக அவன் முகத்தைப் போனில்தான் பார்க்கிறாள். அதுவும் பழைய போன், சார்ஜ் நிற்காது. இரண்டு மணி தாண்டியது. எதிர்வீட்டு மோகனப்பிரியா வீட்டில் பேன் சுற்றியது. இன்வெர்ட்டர் என்று நினைத்தாள். அங்கே போய்ச் சார்ஜ் போட்டிருக்கலாம். அந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் அவர்கள் குடிவந்து ஒரு வருசமாகியும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. இன்று மட்டும் எந்த முகத்தோடு போய் நிற்பது?

நாலு மணிக்குப் பாரி கூப்பிட்டான்.

“அம்மா, லீவு கேட்டுப் பாத்தேன்...”

அதோடு போன் அணைந்துவிட்டது.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து கரண்ட்டுக்காகக் காத்திருந்தாள். அவன் வருவான் என்று ஒரு பக்கம் மனசு சொல்லும். வரமாட்டான் என்று அதே மனசு அடுத்த நிமிசம் சொல்லும். வாய்விட்டுக் கேட்க வீட்டில் ஒரு ஆள் இல்லையே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது. தெருவிளக்குக்கு ஏது இன்வெர்ட்டர்? வாசலுக்கு ஓடி வந்து எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டாள். இரண்டு மணிக்கே வந்துவிட்டதே என்றாள் அவள், துணியை மடித்துக்கொண்டே.

அமிர்தம் கட்டையைச் சொருகி, மெயினைப் போட்டு, போனைச் சார்ஜில் மாட்டி, மகனைக் கூப்பிட்டாள். லீவு கிடைக்கவில்லையாம். அடுத்த வருசம் பார்க்கலாமாம். சரிப்பா, உடம்பைப் பார்த்துக்கோ என்றாள்.

“எத்தினி வாட்டி போட்டேம்மா. இவ்ளோ நேரமாவா கரண்ட்டு வரல?”

“ரெண்டு மணிக்கே வந்துடுச்சிப்பா. வந்துடுச்சின்னு சொல்றதுக்குத்தான் ஆளில்ல.”