செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்

சனி, ஞாயிறு வந்துவிட்டால் அந்த நகரத்தில் எல்லோரும் கலைஞர்கள்தான். வங்கிக் குமாஸ்தா கவிதை வாசிப்பார், பல் டாக்டர் நாடகம் போடுவார், நடைபாதை முழுக்கச் சாக்பீஸ் ஓவியம், பூங்காவில் நடனம். நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் ஒருத்தர் கீழே இறங்கவேண்டுமே! அதற்குத்தான் கத்திரி இருந்தார்.

கத்திரி என்பது பட்டப்பெயர். கலைச்சங்கத்து அரங்கத்தில் மைக்செட் பார்ப்பவர் அவர். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசை, அதன்மேல் வரிசையாகக் குமிழ்கள், காதில் ஹெட்போன். அவருக்கும் சங்கத்துச் செயலாளருக்கும் வருஷக்கணக்காக ஓர் ஏற்பாடு உண்டு. முன்வரிசை ஓரத்தில் மேடைக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்திருக்கும் செயலாளர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால், பேசுகிறவருக்கு மங்களம் பாடிவிட வேண்டும் என்று அர்த்தம். சட்டென்று அணைத்தால் மரியாதையாக இருக்காது. கத்திரி குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இறக்குவார். பேசுகிறவர் தன் தொண்டைதான் சோர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, நன்றி சொல்லி இறங்கிவிடுவார். யார் மனசும் நோகாது. அப்படித்தான் கத்திரி சொல்லிக்கொள்வார்.

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு யாரை வெட்டினார் என்று மனைவியிடம் நடித்தே காட்டுவார். மைக்கை முழுங்கிவிடுவதுபோல் கிட்டே போய்க் கத்திய கவிஞர், மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்த நாடகக்காரர் எல்லோரும் வரிசையாக வருவார்கள். அவளும் வயிறு வலிக்கச் சிரிப்பாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அவளுக்கு ஆஸ்பத்திரி விசாரணை மேசையில் வேலை. எந்த வார்டு, எந்த மாடி, லிஃப்ட் எந்தப் பக்கம் என்று நாள் முழுக்க வழி சொல்ல வேண்டும். அதற்குமேல் அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு கதை எழுதினாள். அடித்து அடித்துத் திருத்தி முடித்த அன்றே, படித்துக் காட்டவா என்று புருஷனிடம் கேட்டாள். அவருக்கு அசதி. இன்னொரு நாள் கேட்டாள். ஏதோ வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பிறகு சங்கத்தில் புதியவர்களுக்கென்று ஒரு கதை வாசிப்பு வைத்தார்கள். அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் மறுபடியும் கேட்டாள்.

"இப்ப எதுக்கு? மேடையிலயே கேட்டுக்கறேன்," என்றார் கத்திரி.

அவள் சந்தோஷமாகத்தான் தலையாட்டினாள். ஊர் கேட்பது அவளுக்குப் பெரிதே இல்லை. ஊரே பேசுவதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் காதை மூடிக்கொள்ளும் இந்த ஒரு மனுஷன், தான் சொல்வதை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். அந்த ஆசைக்காகத்தான் மேடை ஏறினாள்.

அன்று அரங்கம் நிரம்பியிருந்தது. அவளுக்குச் சன்னமான குரல். கத்திரி அதைத் தூக்கிக் கொடுத்தார், இரைச்சலை எடுத்தார், கடைசி நாற்காலி வரைக்கும் மணியாகக் கேட்கவைத்தார். மூச்சு மைக்கில் மோதுகிறதா, கூர்மை அதிகமா என்று அதையெல்லாம் காது பார்த்துக்கொண்டது. கண் வழக்கம்போல் முன்வரிசை ஓரத்தில் இருந்தது. பாதிக் கதையில் செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். கத்திரி குமிழை இறக்கினார்.

பெண்டாட்டி என்று தெரியாதா? தெரியும். விரல் தன்னால் போய்விட்டது என்று பிற்பாடு மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். அதெல்லாம் சால்ஜாப்பு. செயலாளர் முகம் கோணக்கூடாது என்ற பயமும் அந்த விரலில் இருந்தது.

மற்றவர்கள் என்றால் மைக்கைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். அவளுக்குத்தான் தொழில் ரகசியம் அத்தனையும் அத்துபடி ஆயிற்றே. செயலாளரின் வெறும் முகத்தைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசைக்குப் பின்னால் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கதை முடிந்ததாக நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்து நடனக்குழு மேடையேறியது.

இடைவேளையில் கத்திரி அவளைத் தேடிக்கொண்டு வெளி வராந்தாவுக்குப் போனார். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வார்த்தை கூட்டிக்கொண்டே போனார். அங்கே அவள் எதிரில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏன்யா நிறுத்தின? கண்ணைத் துடைக்கத்தான்யா கழட்டினேன்," என்றார். "என் வீட்டுக்காரி செத்ததுக்கப்புறமும் நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போயி, எந்த வார்டுன்னு கேட்டுட்டு நின்னிருக்கேன். வெளிய யாருக்கும் சொன்னதில்ல. இந்தம்மா என்னைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு."

செயலாளரை யாரோ உள்ளே கூப்பிட்டார்கள். அவர் போனதும் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கண்ணாடிய விடுங்க. நான் என்ன படிச்சேன்? ஒரு வரி சொல்லுங்க, போதும்."

கத்திரி வாயைத் திறந்தார். அவள் குரலில் கூர்மை கொஞ்சம் தூக்கலாக இருந்தது, அதைச் சொல்லலாம். வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் இல்லை. காதில் விழுந்திருந்தால் அல்லவா ஞாபகம் இருக்கும்! செயலாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லித் தப்பிக்கக்கூட அவருக்கு அப்போது தோன்றவில்லை. அவள் பஸ் பிடித்துத் தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் அரங்கத்தில் கூட்டம்தான். வயர்களை இழுத்துக்கொண்டிருந்த கத்திரியின் தோளைச் செயலாளர் தட்டினார். மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்கே போய் முடிவைக் கேட்டுவிட்டாராம். அந்தம்மா மேசையில் உட்கார்ந்தபடியே பாக்கிக் கதையை முழுசாகச் சொன்னாராம்.

"என்ன முடிவுய்யா அது! ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. உனக்குத் தெரியாததா?"

"ஆமா சார்," என்றார் கத்திரி.

அன்றைக்கு ஒரு பாடகரையும் ஒரு பேச்சாளரையும் வெட்டினார். வீட்டுக்கு வந்து இரண்டு பேரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தட்டு வைத்தாள், பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில் மானத்தை விட்டுக் கேட்டார்.

"அந்தக் கதைய எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டேன்."

அவள் கோபப்படவில்லை. ஆஸ்பத்திரியில் வழி கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுபோல் பதமாகத்தான் சொன்னாள்.

"மேடையிலயே கேட்டுக்கறேன்னு சொன்னீங்களே."

சொல்லிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள்.