கீழவீட்டில் மறந்த மூட்டையும் தூத்துக்குடி ஸ்டேஷனும்

போன மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை, என் தங்கை பிரமுவைக் கொழும்புக் கப்பலில் ஏற்றிவிடத் தூத்துக்குடி போனேன். பிரசவத்துக்கு வந்தவள். பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகியும் மாப்பிள்ளை இன்னும் அதன் முகம் பார்க்கவில்லை. மலைத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் அவருக்கு, கொழும்புக்கு வந்து அழைத்துப்போகச் செவ்வாய் ஒரு நாள்தான் லீவு. தவறினால் ஆடி வரை கிடையாது என்று எழுதியிருந்தார்.

வண்டி காலை ஏழரைக்கு. ராகுகாலம் தொடங்கும் நேரமும் அதுதான், ரயில்காரன் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. அதனால் முதல் நாளே நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்தோம். போகும் திசையில் உள்ள வீட்டில் ஒரு மூட்டையை வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாக அர்த்தம். கிளம்பும்போது அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கிழக்கே இருப்பது கீழவீடு ஒன்றுதான். அந்த வீட்டு அண்ணாச்சியும் நானும் அவர் வீட்டு முருங்கைக் கிளையை நான் வெட்டியதிலிருந்து ஐந்து வருஷமாகப் பேசுவதில்லை. பிரமுதான் கொண்டுபோய் வைத்தாள்.

எங்கள் வண்ணார்பேட்டையிலிருந்து ஆற்றுப்பாலம் கடந்து நடந்தால் ஸ்டேஷன். மூன்றாம் வகுப்பு ஏழரை அணா, முப்பத்தாறு மைல். மணியாச்சியில் வண்டி மாறிப் பத்தரைக்குத் தூத்துக்குடி சேர்ந்தோம். சின்ன ஸ்டேஷன், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தண்டவாளம் அதற்குமேல் போக வழியில்லாமல் நின்றுவிடுகிறது. பெஞ்சைத் தடவினால் கையில் உப்பு ஒட்டும்.

சாமானை இறக்கும்போதுதான் பிரமு முகம் வெளுத்தது.

"அண்ணே, கீழவீட்டு மூட்டைய எடுக்கலியே. கப்பல் சீட்டு அதுலதான் இருக்கு."

"அதுல ஏம்ட்டி வச்ச?"

"பயணம் தட்டக்கூடாதுன்னுதாண்ணே வச்சேன்."

வேறு சீட்டு வாங்கக் கையில் பணமில்லை. வீட்டுக்குத் தந்தி கொடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி, யாரை அனுப்புவார்? ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். "மூணு அம்பது வண்டி வரட்டும் வே. கப்பலுக்குப் போற கடைசிப் படகு அஞ்சு மணிக்குத்தான்" என்றார். பிள்ளைக்குப் பால் வாங்கி வந்து தந்ததும் அவர்தான்.

மூன்று ஐம்பது வண்டியிலிருந்து, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கீழவீட்டு அண்ணாச்சியே இறங்கினார்.

"தந்தி கிடைச்சுதா அண்ணாச்சி?" என்றாள் பிரமு.

"தந்தியா? எனக்கு ஒண்ணும் தெரியாது. பூசைக்கு உக்காந்தா மூட்டை அங்கனயே கெடக்கு. எங்க வீட்டுலயிருந்து பொறப்பட்ட பயணம்லாட்டி, பாதியில நிக்கலாமா?"

மூட்டையை அவர் தலையிலிருந்து நானே இறக்கினேன். பிரமுவையும் பிள்ளையையும் கடைசிப் படகில் ஏற்றிவிட்டோம். படகு கண்ணுக்கு மறையும் வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பிறகு அவர் கடலைப் பார்த்தபடியே கேட்டார்: "திரும்ப வண்டி எத்தனை மணிக்கு வே?"

"ஆறரைக்கு, அண்ணாச்சி."

இனி இந்த வழியாகப் போகிறவர்களுக்கு: மணியாச்சியில் சாப்பாடு எதிர்பார்க்காதீர்கள், கட்டுச்சோறு கொண்டுபோங்கள். கப்பல் சீட்டு மடியிலேயே இருக்கட்டும். பரஸ்தானத்தை மட்டும் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் வையுங்கள்.