யாரு கை இது?

வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் நானே சிக்கலெடுக்கப் போய், வலது ஆள்காட்டி விரல் துண்டானது. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் அதைத் திரும்பவும் ஒட்டவைத்தார்கள். மறுநாள் காலை கண்விழித்தால், தலையணைமேல் ஒரு கை கிடந்தது.

"சிஸ்டர், இது யாரு கை?"

"உங்களதுதான் சார். பக்கத்து பெட்காரருக்கு ரெண்டும் சரியா இருக்கு."

முழங்கைப் பக்கம் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கையே செத்துவிட்டது, இனி விரல் எங்கே பிழைக்கப்போகிறது என்று பயந்து, தோளருகே குழாயில் இறங்கிக்கொண்டிருந்த, கையை மரத்துப்போகச் செய்யும் மருந்தை நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டேன். மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார்.

"நிறுத்தினா ரத்தக்குழாய் சுருங்கிக்கும் சார். மரத்துப்போயிருந்தாதான் அது விரிஞ்சு குடுக்கும், விரல் நுனி வரைக்கும் ரத்தம் போகும். வாய்க்கால் கடைசியில இருக்கற கடைமடை வயலுக்குத் தண்ணி வர்ற மாதிரி. மெதுவா தொட்டுப் பாருங்க."

இடது கையால் தொட்டேன். நுனி வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு இடது கைக்குத் தெரிந்தது, சூடாக இருந்த விரலுக்குத் தெரியவில்லை. மருந்து இறங்கட்டும் என்றேன்.

விரல் பிழைத்துவிட்டது. குழப்பம் மட்டும் இன்னும் தீரவில்லை. என் உடம்பில் எனக்குத் தகவலே வராத ஒரே இடத்தில்தான் அன்று வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.